கைதிகள் எழுப்பிய கோவில்

(சிட்னியில் தமிழ் வாசகர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சிட்னி நகருக்குள் ரயிலில் வேலைக்குப் போய்வரும் யாருக்கும் செயின்ட் ஜேம்ஸ் என்ற ஸ்டேஷன் பெயர் புதிதல்ல. 1926-ல் திறந்த நிலத்தடி ஸ்டேஷன். அந்தப் பெயர் அதற்கு வந்தது மேலே கிங் தெருவில் நிற்கும் தேவாலயத்திலிருந்து. ஸ்டேஷன் திறந்தபோதே அந்தக் கோவிலுக்கு நூறு வயது கடந்திருந்தது. படியேறி வெளியே வந்தால் இடப்பக்கமோ வலப்பக்கமோ அதன் தாமிரக் கோபுரம் கண்ணில் படும். ஆனால் காலை எட்டரை மணிக்கு யாருக்கு அண்ணாந்து பார்க்க நேரம் இருக்கிறது? இன்று மாலை அந்த ஒரு கட்டடத்தைத்தான் உங்களோடு நிதானமாகப் பார்க்கப் போகிறேன். வழியில் விண்ட்சர், பரமாட்டா, மெல்பர்ன் என்று சில இடங்களை எட்டிப் பார்ப்போம். சென்னைக்கும் திருச்சிக்கும் கூடப் போய்வர வேண்டியிருக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோயில் சுவரைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் விமானத்தின் உயரத்தைப் பார்த்து வியப்பதோடு நம் வேலை முடிவதில்லை. அதிட்டானத்தில் ஓடும் எழுத்தைக் குனிந்து தேடுகிறோம். யார் விளக்கு வைத்தார்கள், எத்தனை ஆடு கொடுத்தார்கள், தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் இருக்கிறது. யார் கொடுத்தது, யார் செய்தது என்று கேட்பது நமக்கு வழிவழியாக வந்த பழக்கம். வேறு சமயத்தார் கட்டியதாக இருந்தாலும், நாம் பிழைக்க வந்த ஊரின் பழைய கட்டடத்திடமும் அதே கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. செயின்ட் ஜேம்ஸ் சுவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் கிடைக்கும் பதில் அசாதாரணமானது.

அதை வரைந்தவர் ஒரு கைதி. அதற்குச் செங்கல் அறுத்தவர்கள், சுமந்தவர்கள், அடுக்கியவர்களும் கைதிகள்.

பிரான்சிஸ் கிரீன்வே 1777-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு அருகே பிறந்தவர். அவர் பிறந்தது கல் வேலை செய்யும் குடும்பம். கட்டடக் கலைஞராகத் தொழில் நடத்தினார். 1809-ல் தொழில் நொடித்துத் திவாலானார். 1812-ல் ஒரு பத்திரத்தில் மோசடி செய்ததாக ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்துச் சட்டப்படி அதற்குத் தூக்கு. பிறகு அது 14 வருட நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1814 பிப்ரவரியில் கப்பல் அவரைச் சிட்னியில் இறக்கியது.

அப்போது நியூ சவுத் வேல்ஸின் ஆளுநர் லக்லன் மக்வாரி. இந்தியாவில் பல வருடம் படைப்பணி செய்தவர், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர். பாசறையாக மட்டுமே இருந்த சிட்னியை ஓர் ஊராக ஆக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். கையில் வரைபடம் போடத் தெரிந்த ஆள் இல்லை. கைதியாக வந்த கிரீன்வேயை 1816-ல் நாளைக்கு மூன்று ஷில்லிங் சம்பளத்தில் அரசுக் கட்டடக் கலைஞராக்கினார். முதல் வேலை துறைமுக வாயிலில் கலங்கரை விளக்கம். அங்கே கிடைத்த கல் மென்மையானது, தாங்காது என்று கிரீன்வே எச்சரித்தார். பின்னால் அவர் சொன்னபடியே கல் உதிர்ந்தது. அதே வடிவத்தில் புதிதாகக் கட்டி 1883-ல் விளக்கேற்றினார்கள். ஆனாலும் அந்தக் கோபுரம் எழுந்ததைக் கண்டு மனம் நிறைந்த மக்வாரி அவருக்கு விடுதலை வழங்கினார். அடுத்த சில வருடங்களில் அந்த மனிதர் செய்த வேலையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. கைதிகள் தங்கிய ஹைட் பார்க் பாரக்ஸ், ஆளுநரின் குதிரை லாயம், விண்ட்சர் தேவாலயம், செயின்ட் ஜேம்ஸ் எல்லாம் அந்தச் சில வருடங்களில் எழுந்தவை.

செயின்ட் ஜேம்ஸின் கதையில் ஒரு திருப்பம் உண்டு. அது கோவிலாகத் தொடங்கவில்லை. 1819 அக்டோபர் 7-ல் அடிக்கல் நாட்டியபோது அது நீதிமன்றம். கோவில் வேறு இடத்தில், ஜார்ஜ் தெருவில், பெரிய கதீட்ரலாக வருவதாக இருந்தது. அதற்கும் சில வாரங்களுக்கு முன்பே மக்வாரி அடிக்கல் நாட்டியிருந்தார். இதற்கு நடுவே லண்டனிலிருந்து ஜான் பிக் என்ற விசாரணை ஆணையர் வந்து இறங்கினார். கைதிகள் குடியேற்றத்துக்கு இவ்வளவு அழகும் செலவும் எதற்கு என்பதே அவருடைய பார்வை. கதீட்ரல் வேண்டாம் என்றார். நீதிமன்றமாக எழுந்துகொண்டிருந்த சுவர்களைக் கோவிலாக மாற்றச் சொன்னார். பக்கத்தில் பள்ளிக்கூடமாகத் திட்டமிட்டிருந்த கட்டடம் நீதிமன்றமாயிற்று. இன்றும் கிங் தெருவில் கோவிலும் நீதிமன்றமும் தோளோடு தோள் ஒட்டி நிற்பதன் காரணம் அந்த ஒரு உத்தரவுதான்.

பாதி எழுந்த நீதிமன்றத்தைக் கோவிலாக்கு என்றால் சாதாரணக் கலைஞன் சோர்ந்துபோவான். கிரீன்வே நீண்ட செவ்வகத்தை அப்படியே வைத்துக்கொண்டார். மேற்கு முனையில் ஒரு கோபுரத்தை ஏற்றி, அதன் மேல் தாமிரத் தகடு போர்த்திய கூர்முனையை வைத்தார். துறைமுகத்துக்குள் வரும் மாலுமிகளுக்கு அது அடையாளமாயிற்று. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை நகரத்தில் அதைவிட உயரமாகக் கண்ணில் பட்டவை மிகச் சில. 1822 ஜனவரியில், வேலை முடியாத கட்டடத்திலேயே முதல் வழிபாடு நடந்தது. 1824 பிப்ரவரி 11-ல் சாமுவேல் மார்ஸ்டன் குருவானவர் அதைப் பிரதிஷ்டை செய்தார்.

இனி சுவருக்கு அருகே போவோம். பகல் பதினொரு மணி வாக்கில், வெயில் ஏறியிருக்கும்போது போவது நல்லது. கீழே மணற்கல் அடித்தளம். அதன் மேல் செங்கல், பூச்சு எதுவும் இல்லாத வெறும் செங்கல். சுவர் முழுக்கத் தட்டையாக ஓடாமல், சீரான இடைவெளியில் செங்கல்லாலேயே ஆன சதுரத் தூண்கள் சுவரிலிருந்து சற்றே துருத்தி நிற்கும். இரண்டு தூணுக்கு இடையில் சுவர் ஒரு செங்கல் ஆழம் உள்வாங்கி அரைவட்ட வளைவாகும். அந்த வளைவுக்குள் உயரமான சன்னல். சிற்பம், பூவேலை, கொடி, யாளி என்று எதுவுமே இல்லை. அப்படியானால் கண்ணைப் பிடித்து நிறுத்துவது எது? நிழல். சிட்னி வெயில் கடுமையானது, இங்கிலாந்து வெளிச்சம்போல மங்கலாக இராது. உள்வாங்கிய அந்த ஒரு செங்கல் ஆழத்தில் விழும் நிழல் ஒவ்வொரு வளைவையும் மை போட்டுக் கோடிழுத்ததுபோலக் காட்டுகிறது. கல்தச்சர்கள் போதாத ஊரில், பணம் கொடுக்க மனமில்லாத அரசின் கீழ், வெயிலையே அலங்காரமாக வேலை வாங்கிய மனிதர் அவர். இந்தக் கண்டத்தில் ஐரோப்பியர் எழுப்பிய கட்டடங்களில் அளவின் அழகுக்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

செங்கல்லின் நிறத்தையும் பாருங்கள். ஒரே சிவப்பாக இருக்காது. சில மாம்பழத் தோல் மஞ்சள், சில கருஞ்சிவப்பு, சில ஊதா கலந்தவை. சூளையில் எந்த அடுக்கில் இருந்தது, எவ்வளவு தீ பட்டது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். அச்சில் மணல் தூவி, கையால் களிமண்ணை அழுத்தி எடுத்த காலம் அது. அந்தக் காலத்துச் சிட்னிச் செங்கற்களில் சிலவற்றில், ஈரம் காயுமுன் தூக்கிய ஆளின் விரல் பதிந்திருப்பதை அருங்காட்சியகங்களில் காணலாம்.

அடுத்து, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இருக்கும் சாந்து. என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான். சிட்னி வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் கிடையாது. சுண்ணாம்பு வேண்டுமென்றால் சிப்பியைச் சுட வேண்டும். அந்தச் சிப்பி எங்கிருந்து கிடைத்தது? துறைமுகக் கரை முழுக்க மேடு மேடாக இருந்தது. இந்த நிலத்தின் பழங்குடிகளான காடிகல் மக்களும் அவர்களைச் சுற்றி வாழ்ந்த பிற குலத்தாரும் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் சிப்பியும் மட்டியும் தின்று ஒதுக்கிய ஓடுகள் அவை. உண்ட இடமும் கூடிய இடமும் அதுவே, சில மேடுகளில் இறந்தோரைப் புதைத்துமிருந்தார்கள். குடியேறிகள் அவற்றை வெட்டி அள்ளிச் சூளையில் போட்டார்கள். துறைமுகக் கரை மேடுகள் தீரத் தீர, வடக்கே நியூகாசில் தண்டனைக் குடியிருப்பிலிருந்து படகில் சுண்ணாம்பு வந்தது. அங்கே சுண்ணாம்புச் சூளை வேலை என்பது கைதிகளுக்கு மேலும் ஒரு தண்டனை. புதிதாகச் சுட்ட சுண்ணாம்பைக் கூடையில் சுமந்து தண்ணீருக்குள் இறங்கிப் படகில் ஏற்ற வேண்டும். ஈரம் பட்ட சுண்ணாம்பு முதுகையும் கண்ணையும் எரித்தது.

ஆக, ஆரம்ப காலச் சிட்னியின் எந்தப் பழைய சுவரைத் தொட்டாலும் இரண்டு கூட்டத்தாரின் வாழ்க்கையைத் தொடுகிறோம். ஒரு கூட்டம் தன் நிலத்தை இழந்தது. இன்னொரு கூட்டம் தன் நாட்டை இழந்தது. இது கட்டடத்தின் அழகைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். கட்டடத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் சாந்தையும் பார்க்க வேண்டும்.

சிப்பிச் சுண்ணாம்பு என்றதும் சென்னைக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். அதே வருடங்களில் மதராசில் என்ன நடந்துகொண்டிருந்தது? எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் என்ற தேவாலயம் எழுந்துகொண்டிருந்தது. தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1818-ல் தொடங்கி 1821-ல் முடித்தார். நிலம் சேற்று நிலம் என்பதால், நம் ஊர்க் கொத்தனார்களுக்குக் கைவந்த உறைகிணற்று முறையில் கிணறு கிணறாக இறக்கி அதன் மேல் அடித்தளம் போட்டார்கள். சுவர் அங்கேயும் செங்கல்தான். ஆனால் அந்தச் செங்கல் வெளியே தெரியாது. கடற்சிப்பிச் சுண்ணாம்பை அரைத்து, பூசி, வழவழப்பாகத் தேய்த்து, பளிங்குபோல மின்ன வைத்தார்கள். மதராஸ் சுண்ணாம்புப் பூச்சைப் பளிங்கென்றே எண்ணி ஏமாந்த வெள்ளைக்காரப் பயணிகள் பலர்.

ஒரே பேரரசு, ஒரே காலம், ஒரே செங்கல், ஒரே சிப்பிச் சுண்ணாம்பு. மதராசில் தலைமுறை தலைமுறையாகக் கைத்திறன் சேர்த்த கொத்தனார்களும் சுண்ணாம்பு அரைக்கும் பெண்களும் இருந்தார்கள், அதனால் அந்தப் பூச்சு சாத்தியமாயிற்று. சிட்னியில் அப்படி ஒரு கூட்டம் இல்லை. திருட்டுக்கும் மோசடிக்கும் தண்டனை பெற்று வந்தவர்களில் கொத்து வேலை தெரிந்த சிலரையும் தெரியாத பலரையும் வைத்துத்தான் வேலை நடந்தது. அந்தக் கைகளுக்கு எது முடியுமோ அதைக் கொண்டே கிரீன்வே தம் கலையைச் செய்தார். இரண்டு கோவிலையும் பார்த்தவர்கள் எது அழகு என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். எது கடினம் என்று கேட்டால் சிட்னி என்பேன்.

இனித் திருச்சிக்குப் போவோம். நான் திருச்சிக்காரன். ஹீபர் என்ற பெயரைச் சொல்லாமல் எங்கள் ஊரில் பள்ளி, கல்லூரிப் பேச்சே கிடையாது. புத்தூரில் பிஷப் ஹீபர் கல்லூரி இருக்கிறது. அவர் பெயரில் பள்ளிகளும் இருக்கின்றன. ரெஜினால்ட் ஹீபர் கல்கத்தாவின் ஆங்கிலிகப் பேராயர். 1826 ஏப்ரல் தொடக்கத்தில் திருச்சிக்கு வந்தார். ஏப்ரல் 3-ல் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்திவிட்டு, வெயில் களைப்பில் குளிக்கக் குளத்தில் இறங்கியவர் அங்கேயே உயிர் நீத்தார். செயின்ட் ஜான்ஸ் கோவிலில் அடக்கம் செய்தார்கள்.

அவருக்கும் சிட்னிக்கும் என்ன? 1824-ல் அரசாணை ஒன்றின் மூலம் நியூ சவுத் வேல்ஸ் ஒரு ஆர்ச்டீக்கன் பகுதியாக அமைக்கப்பட்டு, கல்கத்தா பேராயத்தின் கீழ் வைக்கப்பட்டது. அதாவது செயின்ட் ஜேம்ஸ் பிரதிஷ்டையான அதே வருடத்தில், சிட்னியின் எல்லா ஆங்கிலிகக் கோவில்களும் கல்கத்தா பேராயரின் ஆளுகைக்குள் வந்தன. மதராசும் திருச்சியும் யாழ்ப்பாணமும் அதே பேராயரின் கீழ். யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த தமிழர் கிறிஸ்தியான் தாவீதுக்கு ஹீபர் குருப்பட்டம் கொடுத்ததும் அந்த 1824-ல்தான். நல்லூரில் ஒரு சேகரமும் சிட்னி கிங் தெருவில் ஒரு சேகரமும் ஒரே பேராயரின் பொறுப்பில் இருந்த காலம் ஒன்று உண்டு என்பதை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய அன்பர்கள் கவனிக்க வேண்டும். ஹீபர் சிட்னிக்கு வந்ததில்லை. திருச்சியில் அவர் இறந்தபோது, தாம் ஒருநாளும் காணாத இந்தக் கோவிலுக்கும் அவரே பேராயர்.

இந்த ஏற்பாடு நெடுநாள் ஓடவில்லை. 1835-ல் மதராஸ் தனிப் பேராயமானது. அடுத்த வருடம் ஆஸ்திரேலியா தனியானது. வில்லியம் பிராட்டன் முதல் பேராயராக 1836-ல் பதவியேற்றது செயின்ட் ஜேம்ஸில்தான். கதீட்ரல் இல்லாத ஊரில் கதீட்ரலின் வேலையை வெகுகாலம் இந்தக் கோவில் பார்த்தது.

உள்ளே போவோம். இன்று அங்கே போய் உட்கார்ந்தால் ஒரே சமதளமாக அமைதியாக இருக்கும். அன்று அப்படி இல்லை. உட்காரும் இடம் அந்தஸ்தைப் பொறுத்தது. வசதியுள்ள குடும்பங்கள் வருட வாடகை கட்டி இருக்கை வைத்திருந்தன. எதிரே உள்ள ஹைட் பார்க் பாரக்ஸிலிருந்து கைதிகள் வரிசையாக நடத்திக் கொண்டுவரப்பட்டு மாடங்களில் உட்கார வைக்கப்பட்டார்கள். தாங்கள் கட்டிய கட்டடத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம் அது. அந்தப் பாரக்ஸும் கிரீன்வே வரைந்ததே. கோவிலும் பாரக்ஸும் சதுக்கத்தின் இரு பக்கமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும்படி நிறுத்தியிருக்கிறார். பாரக்ஸ் முகப்பில் கடிகாரத்தைச் சுற்றி ஆளுநர் மக்வாரியின் பெயரும் 1817 என்ற வருடமும் பொறித்திருக்கிறது. வரைந்தவர் பெயர் அங்கே இல்லை. 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பதினொரு கைதிக் குடியிருப்பு இடங்களில் பாரக்ஸும் ஒன்று.

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கோவிலின் உள்ளமைப்பை மாற்றியபோது மாடங்கள் பெரும்பாலும் எடுக்கப்பட்டன. சுவர்களில் பதித்த நினைவுப் பலகைகள் அப்படியே இருக்கின்றன. வெள்ளைப் பளிங்கில் கப்பற்படை அதிகாரிகள், நீதிபதிகள், வணிகர்கள், குழந்தையிலேயே இறந்த பிள்ளைகள் என்று சுவர் நிறைய ஆட்கள். குடியேற்ற காலத்துச் சிட்னி தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதை அறிய இதைவிட நேரான ஆவணம் வேண்டாம்.

இரண்டு பலகைகளை மட்டும் நின்று படியுங்கள். ஒன்று ஜான் கில்பர்ட்டுடையது. பறவைகளை ஆராய்ந்த இயற்கையியலாளர், 1845-ல் வடக்கே ஒரு பயணத்தில் ஈட்டி பாய்ந்து இறந்தவர். கறுப்பர்கள் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள் என்று பளிங்கில் வெட்டியிருக்கிறார்கள். அறிவியலுக்காக இறப்பது இனியது என்ற பொருளில் ஒரு லத்தீன் வரியும் உண்டு. யாருடைய நிலத்தில், என்ன நடந்ததால் அந்த ஈட்டி வந்தது என்பதற்கு அந்தப் பளிங்கில் இடமில்லை.

இன்னொன்று எட்மண்ட் கென்னடியுடையது. 1848-ல் கேப் யார்க் பயணத்தில் கொல்லப்பட்டவர். கூட இருந்த பழங்குடி இளைஞர் கல்மாரா, வெள்ளையர்கள் வைத்த பெயரில் ஜாக்கி ஜாக்கி. தாமும் காயம்பட்டிருந்தும் கென்னடியைத் தாங்கிப் பிடித்து, இறந்ததும் புதைத்துவிட்டு, தனியே காட்டைக் கடந்து கப்பலை அடைந்து செய்தி சொன்னவர். அவருடைய துணிவையும் அன்பையும் பலகை பெயர் சொல்லிப் போற்றுகிறது. அதே பலகையில் அவர் இனத்தார் காட்டுமிராண்டிகள். ஒரே கல்லில் இந்த இரண்டையும் ஒரு சமூகம் செதுக்கி வைத்து, அதன் முன்னால் மண்டியிட்டுச் செபித்திருக்கிறது. இந்தப் பலகைகளை எடுத்துவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அந்த எழுத்து போனால் குற்றம் இருந்ததற்கான சாட்சியும் போய்விடும். பக்கத்தில் இன்னொரு பலகை வைத்து மீதிக் கதையைச் சொல்வதே சரி.

கீழே நிலவறைக்கு இறங்கினால் செங்கல் வளைவுகள் தோளுயரத்தில் வந்து நிற்கும். மேலே உள்ள பாரம் எப்படி இறங்குகிறது என்பதை அங்கேதான் கண்ணால் பார்க்கலாம். அங்கே குழந்தைகளுக்கான சிறு தொழுகையறை ஒன்று உண்டு. 1929-ல் டர்ரமுர்ரா சுவரோவியர்கள் என்ற குழுவினர் அதன் சுவர்களில் வரைந்தார்கள். கிறிஸ்து பிறப்புக் கதையைச் சிட்னித் துறைமுகத்திலேயே நடப்பதாக வரைந்திருக்கிறார்கள். அதற்கு வழிகாட்டியவர் எத்தெல் ஆண்டர்சன் என்ற எழுத்தாளர். படை அதிகாரியான கணவரோடு இந்தியாவில் சில காலம் வாழ்ந்து, இந்தியக் கதைகளும் எழுதியவர். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த அறையைத் தவறவிடக் கூடாது.

கிரீன்வேயின் மற்றொரு கோவில் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரை விண்ட்சரில் இருக்கிறது. செயின்ட் மாத்யூஸ். 1817 அக்டோபரில் மக்வாரி அடிக்கல் நாட்டி, கல்லுக்கடியில் ஒரு ஸ்பானிய வெள்ளி டாலரை வைத்தார். அன்று இரவே யாரோ கல்லைப் புரட்டி நாணயத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். மறுபடி சடங்கு செய்து மறுபடி நாணயம் வைத்தார்கள். அதுவும் போயிற்று. பசி அப்படி இருந்த காலம். முதல் ஒப்பந்தக்காரர் எழுப்பிய சுவர் தரமில்லை என்று கிரீன்வே அதை இடிக்கச் சொல்லி மறுபடி கட்டினார். 1822 டிசம்பரில் பிரதிஷ்டை. மரங்கள் சூழ்ந்த மேட்டில், நகரத்தின் நெருக்கடி இல்லாமல், கிரீன்வே நினைத்த அளவுகளை நாலு பக்கமும் சுற்றி வந்து பார்க்க வேண்டுமானால் விண்ட்சருக்கே போக வேண்டும்.

பரமாட்டா நம்மில் பாதிப் பேருக்கு அடுத்த தெரு. செயின்ட் ஜான்ஸ் கோவிலின் இரட்டைக் கோபுரம் மக்வாரியின் மனைவி எலிசபெத் விரும்பிய வடிவம், கென்ட் கடற்கரையில் உள்ள ரெகுல்வர் கோவிலைப் பார்த்துச் செய்தது. 1850-களில் நடுக்கூடத்தை இடித்துக் கட்டினார்கள், கோபுரங்கள் மட்டும் பழையவை. மக்வாரியின் வீட்டில் ஜார்ஜ் ஜார்விஸ் என்ற பணியாள் ஒருவர் இருந்தார். 1795-ல் கொச்சியில் அடிமைச் சிறுவனாக மக்வாரி அவரை விலைக்கு வாங்கினார். பின்னால் சிட்னிக்கும் கூட வந்து, கடைசி வரை அந்தக் குடும்பத்தோடேயே இருந்தார். தென்னிந்தியாவிலிருந்து இந்த ஊருக்கு வந்த முதல் சிலரில் அவரும் ஒருவர். நாம் வாழும் ஊரின் வரலாற்றில் அந்தப் பெயரும் இருக்கிறது.

மெல்பர்ன் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒன்று. அங்கேயும் ஒரு செயின்ட் ஜேம்ஸ் இருக்கிறது. 1839 நவம்பரில் அந்த வட்டாரத்தின் அரசு நிர்வாகி லா ட்ரோப் அடிக்கல் நாட்டினார், ராபர்ட் ரஸ்ஸல் வரைந்தார். மெல்பர்னின் முதல் கதீட்ரல். காலின்ஸ் தெருவும் வில்லியம் தெருவும் சந்திக்கும் மூலையில் நின்றது. நிலத்தின் மதிப்பு ஏறியதும் அந்த இடம் கோவிலுக்குத் தகாததாகிவிட்டது. ஆனால் இடித்துத் தள்ளவில்லை. கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, வண்டியில் ஏற்றி, வடக்கே கிங் தெருவுக்குக் கொண்டுபோய் 1914-ல் மறுபடி அடுக்கினார்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய சிட்னிச் செங்கல் மென்மையானது, ஈரத்தை உறிஞ்சி வெளியே விடக்கூடியது. சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்துக்கு வழிவிடும். இடையில் வந்த தலைமுறையினர் பல பழைய கட்டடங்களில் சாந்து உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் ஈரத்தை விடாது. ஈரம் செங்கல்லுக்குள் தங்கி, உப்பு பூத்து, செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். நல்லெண்ணத்தில் பூசிய சிமெண்ட் மழையைவிட அதிகம் கெடுத்தது. 1979-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற ஊரில் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக்கு ஒரு நெறிமுறை வகுத்தார்கள். தேவைப்படும் அளவுக்குச் செய், இயன்றவரை குறைவாகத் தொடு என்பது அதன் சாரம். நம் ஊரில் கும்பாபிஷேகத்துக்கு முன் மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டுகளைத் தேய்த்தது, கருங்கல் மண்டபத்தில் சிமெண்டும் எனாமல் பெயிண்டும் அப்பியது எல்லாம் உங்களுக்குத் தெரியும். பர்ரா நெறிமுறை தமிழில் வந்து நம் திருப்பணிக் குழுக்கள் கையில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கிரீன்வேயை 1822-ல் வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆதரித்த மக்வாரி ஊர் திரும்பிவிட்டார். கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது. 1837-ல் மெய்ட்லண்ட் பக்கம் இறந்தார், புதைத்த இடத்துக்கு அடையாளம் இல்லை. 1966-ல் ஆஸ்திரேலியா புதிய பத்து டாலர் நோட்டு வெளியிட்டபோது அதில் அவர் முகத்தை அச்சிட்டது. பத்திர மோசடிக்குத் தண்டனை பெற்றவரின் முகத்தை 1993 வரை இந்த நாடு தன் பணத்தில் சுமந்தது. ஒரு நாடு தன் கைதிகளுக்குச் செய்த மரியாதையாக நான் அதைப் பார்க்கிறேன். ஆனால் அவருக்குக் கிடைத்தது செங்கல் அறுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. கட்டிய காலத்தில் யாரும் அவர்கள் பெயரைச் செயின்ட் ஜேம்ஸ் சுவரில் பதிக்கவில்லை.

நாமும் இந்த நாட்டில் கட்டியிருக்கிறோம். ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு 1985-ல் கும்பாபிஷேகம் ஆயிற்று, மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு 1999-ல். இன்னும் பல கோயில்கள் எழுந்துவருகின்றன. தமிழ்க் கிறிஸ்தவ சபைகளும் இடம் வாங்கிக் கட்டுகின்றன. விமானத்துக்கும் கோபுரத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகளும் சிற்பிகளும் சுதை வேலைக்காரர்களும் வந்து, குளிரில் மாதக்கணக்கில் சாரத்தில் நின்று வேலை செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்த அரங்கில் நிர்வாகக் குழுவினர் சிலர் இருக்கிறீர்கள். நன்கொடையாளர் பலகைக்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு கல் வையுங்கள். ஸ்தபதி பெயரில் தொடங்கி, சாந்து கலந்த ஆள் வரை, ஊரோடும் வருடத்தோடும் எல்லோர் பெயரும் அதில் வரட்டும். கல்லில் வெட்டுவதற்குப் பணம் குறைந்தால் என்னிடம் கேளுங்கள், தருகிறேன்.